கோகோஆக்ஸ் எம்ஏ2500டி: பழைய டிவி கேபிளில் ஓடும் வீட்டு இணையம்

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கூடத்திலும் படுக்கை அறைகளிலும் சுவரோரமாக ஒரு கோஆக்சியல் கேபிள் முனை இருப்பது வழக்கம். கணினி வலையமைப்புக்கான ஈத்தர்நெட் முனை இருப்பது அபூர்வம். கேபிள் டிவியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இணையத்தில் பார்க்கத் தொடங்கியவர்கள் வீட்டில் அந்தக் கேபிள்கள் இன்று சும்மா கிடக்கின்றன. அவற்றின் வழியே கணினித் தரவைக் கடத்தும் முறைக்கு மோகா என்று பெயர். 2004இல் உருவான ஒரு தொழில் கூட்டமைப்பு வகுத்த இத்தரம் புதியதன்று. வெரைசன் நிறுவனத்தின் ஃபியோஸ் இணையச் சேவை ரௌட்டர்களுக்குள்ளும், டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் டிவோ பெட்டிகளுக்குள்ளும் அது பல ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. 2016இல் வெளியான மோகா 2.5 பதிப்பில் இயங்கும் கோகோஆக்ஸ் எம்ஏ2500டி அடாப்டர்கள் இரண்டை நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் வீட்டில் பொருத்திப் பயன்படுத்தி வருகிறேன்.

உள்ளங்கை அளவுப் பெட்டிதான். அதில் கோஆக்சியல் கேபிளுக்கு ஓர் இணைப்பும், 2.5 கிகாபிட் வேகமுள்ள ஓர் ஈத்தர்நெட் துளையும், மின்சாரத்துக்கு ஒரு துளையும் உள்ளன. ஒன்றை பேஸ்மென்ட்டில் ரௌட்டருடனும் மற்றொன்றை மாடி அறையில் மேசைக் கணினியுடனும் இணைத்ததும், கடவுச்சொல்லோ செயலியோ கேட்காமல், இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் மென்பொருள் கொண்டு அளந்தபோது ஒரு திசையில் வேகம் விநாடிக்கு 2.3 கிகாபிட்டை ஒட்டி நின்றது. பிங் நேரத்தில், அதாவது தரவு போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தில், மூன்று நான்கு மில்லிவிநாடிகள் கூடுகின்றன. காணொளிக் கூட்டங்களிலோ விளையாட்டுகளிலோ அது உணரப்படுவதில்லை. வைஃபை மெஷ் கருவிகளில் மாலை நேரத்தில் நேரும் ஏற்ற இறக்கம் இதில் அறவே இல்லை. ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்ட 2.5 கிகாபிட் என்பது அந்தக் கேபிளில் உள்ள கருவிகள் எல்லாம் இரு திசைகளுக்கும் சேர்த்துப் பகிர்ந்துகொள்ளும் மொத்தக் கொள்ளளவு என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். ஒரே கேபிளில் 16 கருவிகள் வரை இணைக்கலாம் என்றாலும், அவை முறை வைத்துத்தான் பேசும்.

இத்தனையும் அடாப்டரின் திறமை மட்டுமன்று. பாதிக்கு மேல், ஒரு கேபிளைப் பல அறைகளுக்குப் பிரித்துத் தரும், பேஸ்மென்ட்டில் இருக்கும் ஸ்பிளிட்டரின் கையில்தான் உள்ளது. மோகா தன் சமிக்ஞையை 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அனுப்புகிறது. கேபிள் டிவிக்காக மாட்டிய பழைய ஸ்பிளிட்டர்களின் மேல் வரம்பு பெரும்பாலும் 1000 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும். தவிரவும், டிவி சமிக்ஞை தெருவிலிருந்து வந்து ஸ்பிளிட்டரின் உள்வழியில் நுழைந்து அறைகளுக்குப் பிரிந்து போவது. மோகாவோ ஓர் அறையிலிருந்து வந்து ஒரு வெளிவழியில் ஏறி இன்னொரு வெளிவழியில் இறங்க வேண்டியது. சாதாரண ஸ்பிளிட்டர் அந்தப் பக்கவாட்டுப் போக்கைத் தடுக்கும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற எட்டு வழி ஸ்பிளிட்டரைக் கழற்றி, 1675 மெகாஹெர்ட்ஸ் வரை குறிக்கப்பட்ட இரண்டு வழி ஸ்பிளிட்டரை மாட்டிய பிறகே மேற்சொன்ன வேகம் கிடைத்தது. இரண்டு வழி ஸ்பிளிட்டரில் சமிக்ஞை இழப்பு சுமார் 3.5 டெசிபெல், எட்டு வழியில் அது 11 டெசிபெல்லைத் தாண்டும். இடையில் டிவிக்கான ஆம்ப்ளிஃபையர் இருந்தால், அது மோகாவுக்கென்று செய்யப்பட்டதாக இல்லாதவரை, அதையும் எடுத்துவிடுவது நல்லது.

நிலைமையைக் கண்டறிய இந்த அடாப்டரில் ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. அதைத் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது: கணினியின் ஐபி முகவரியைக் கையால் மாற்றி 192.168.254.254 என்ற முகவரிக்குப் போக வேண்டும், பக்கத்தின் தோற்றமும் பத்தாண்டுப் பழமை. ஆயினும் அதில் உள்ள இணைப்பு வேக அட்டவணை மிகப் பயனுள்ளது. அங்கே 3500 மெகாபிட்டை ஒட்டிய எண்கள் (இது கேபிளில் ஓடும் மூல வேகம், பயனுக்குக் கிடைப்பது இதைவிடக் குறைவு) தெரிந்தால் கேபிள் நலமாக இருக்கிறது என்று பொருள். ஒரு திசையில் மட்டும் எண் சரிந்திருந்தால் தளர்ந்த கனெக்டரையோ நசுங்கிய கேபிளையோ தேடலாம்.

அடாப்டரோடு ஒரு பிஓஇ (பாயின்ட் ஆஃப் என்ட்ரி, அதாவது நுழைவிட) ஃபில்டரும் வாங்கி, தெருக் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் திருக வேண்டும். அது மோகா சமிக்ஞை அண்டை வீட்டுக் கேபிளுக்குப் போகாமல் தடுப்பதோடு, அதை உள்ளே திருப்பி அனுப்பி வலுவும் சேர்க்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் ஃபில்டரோடு நில்லாமல், அமைப்புப் பக்கத்தில் குறியாக்கத்தையும் இயக்கிவிட வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. செயற்கைக்கோள் டிவியின் கேபிளில் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்கெனவே சமிக்ஞை ஓடுவதால் இரண்டும் மோதும். ஊரில் டிடிஎச் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளில் இதை மாட்டலாமா என்று கேட்கும் உறவினர்களுக்கும் இதுவே பதில். இணையமே கேபிள் மோடம் வழியாக வந்தால், கேபிள் இணையத்துக்கான டாக்சிஸ் தரத்தின் 3.1 பதிப்பு மோடம்கள் 1218 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியவை என்பதால், மோடத்தின் வாயிலில் இன்னொரு ஃபில்டர் மாட்டுவது பாதுகாப்பு. டாக்சிஸ் 4.0 அதையும் கடந்து 1794 மெகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது. அத்தகைய சேவைக்கு மாறுபவர்கள் தெருவிலிருந்து மோடத்துக்குத் தனிக் கேபிளை ஒதுக்கிவிட்டு, மற்ற அறைகளின் கேபிள்களை மட்டும் தனியே பிணைத்து மோகாவுக்குத் தரலாம். சுவரை உடைக்காமல் ஈத்தர்நெட் கேபிள் இழுக்க வழியுள்ள வீட்டில் இந்த இரண்டு பெட்டிகளுக்குச் செலவழிக்கத் தேவையே இல்லை.