‘ஆஃப்ரோடு’ டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போக, காட்டுப்பாதைக்கென்றே செய்தது என்று சொல்லி என் தலையில் கட்டியது, சாதாரணத் தார்ச்சாலை டிரெய்லர். உயரத்தைக் கூட்டி, பெரிய பட்டன் டயர் மாட்டி, பக்கவாட்டில் ‘ஆஃப்ரோடு’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னொருவர் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

கல்லும் வரிவரியான மேடுபள்ளமும் நிறைந்த மண்பாதையில், போன் சிக்னல் எப்போதோ அறுந்துபோன இடத்தில், பின்னாலிருந்து ரப்பர் தீயும் வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் ஆக்சில் (சக்கரங்கள் மாட்டியிருக்கும் தண்டு) ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து, டயர் மட்கார்டில் உரசிப் புகைந்துகொண்டிருந்தது. குலுக்கலை வாங்கும் பட்டை வில்லான லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட், வெல்டிங்கோடு பிய்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பிளவின் ஓரத்தில் பாதி தூரத்துக்குப் பழைய துரு. மீதிப் பாதிதான் அப்போது உடைந்து பளபளத்தது. துருவுக்கு மேலேயே தடிமனாகக் கறுப்புப் பெயிண்ட். விரிசல் இருப்பது தெரிந்தே பூசி மறைத்து விற்றிருக்கிறார்கள். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற குடும்பத்திடம் இப்படிச் செய்ய எப்படி மனம் வருகிறது?

டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு, வெளியே வந்து ஒரு வெல்டரைக் கூட்டிப்போய்த்தான் மீட்டோம். விற்றவரிடம் கேட்டதற்கு, வாரன்டி தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். தார் போடாத சாலையில் ஓட்டினால் வாரன்டி செல்லாதாம்! ஆஃப்ரோடு என்று விற்ற வண்டிக்கு இப்படி ஒரு நிபந்தனை. அந்தப் பொடி எழுத்தைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பிறகு ஒரு நல்ல மெக்கானிக் முழுதாகப் பிரித்துக் காட்டினார். டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் ஹிட்ச், சாதாரணப் பந்து ஹிட்ச். வண்டி ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாயும் இடத்தில் அது ஓரளவுக்கு மேல் திரும்பாது. முறுக்கெல்லாம் அடிச்சட்டமான சேசிஸுக்குப் போகும். கரடுமுரடான பாதைக்கு, தன் அச்சில் முழுச் சுற்றும் சுழலும் ஹிட்ச் வேண்டும். தண்ணீர் டேங்கைக் கொண்டுபோய் ஆக்சிலுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் இறங்க வேண்டும். பின்பாரம் கூடினால் வேகத்தில் வால் ஆடும். விற்றவர் சொன்னதோ தண்ணீரும் சாமானும் ஏற்றாத காலி டிரெய்லரின் எடை மட்டும்.

டயரும் பழசு. பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரியும், ரப்பர் உள்ளே வெடிப்பு விட்டிருக்கலாம். டிரெய்லருக்கும் இழுக்கும் வண்டிக்கும் ஒரே ஸ்டெப்னி பொருந்துமா என்றும் கேளுங்கள்.

வாங்கும்போது அடியில் படுத்துப் பார்க்க விடாத ஆளிடம் பேச்சே வேண்டாம். புதுப் பெயிண்ட் அடியில் மட்டும் தடிமனாக இருந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், அடுத்த பயணத்துக்கு முன் பிராக்கெட் வெல்டிங் மேல் இருக்கும் பெயிண்ட்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்துவிடுங்கள்.