கடல் என்று வாங்கினால் தர்பூசணி

இந்தக் கோடை சென்ட் விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். நீலக் கண்ணாடி பாட்டில், பெட்டியில் அலை, பெயரிலேயே கடல். எதைச் சொல்கிறேன் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் நான் புலம்பப்போகும் விஷயம் இந்த ‘பீச்’ (கடற்கரை) வகை சென்ட்களில் பலவற்றுக்கும் பொருந்தும். முதலில் எழும் மணம் (டாப் நோட்), கடைசிவரை நிற்கும் மணம் (பேஸ் நோட்) என்ற பட்டியலெல்லாம் எங்கும் கிடைக்கிறது. அதை மறுபடி எழுதப்போவதில்லை. கோடைக்குக் கோடை இதையே போட்டுக்கொண்டு திரிபவனின் அனுபவம் மட்டும்.

முதல் பத்து நிமிடம் அபாரம். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழம், எலுமிச்சைத் தோல், அடியில் லேசாக உப்பு. குளித்துவிட்டு ஈரம் காயாத கழுத்தில் அடித்தால், வெயிலைப் பார்த்து முறைக்கும் தைரியம் வந்துவிடும். கடையில் விற்பனை நடப்பது இந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான். எலுமிச்சை வகை மணப்பொருள்களின் மூலக்கூறுகள் சிறியவை, சீக்கிரம் ஆவியாகிவிடும். உடம்புச் சூடு பட்டால் இன்னும் வேகம். ஆக, கோடைக்கென்று செய்த சென்ட்டின் கோடைப் பகுதிதான் கோடையில் முதலில் காலியாகிறது!

அப்புறம் வருகிறது தர்பூசணி. பழுத்த தர்பூசணியை வெட்டி, மூடாமல், அறைச் சூட்டில் மதியம்வரை வைத்துவிட்டால் ஒரு வாடை வருமே, அதே. வியர்வையோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை லிஃப்டில் கூட வந்தவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, “யாரோ பழம் வெட்டுறாங்க போல” என்றார். கதவு திறக்கும்வரை நான் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதற்குக் காரணம் கேலோன் என்ற செயற்கை மணப்பொருள். 1966-இல் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் கையில் கிடைத்தது. கடற்காற்று, சிப்பி, தர்பூசணி மூன்றும் கலந்த மாதிரி ஒரு மணம். வெகுநாள் யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. 1988-இல் அராமிஸ் என்ற சென்ட் நிறுவனத்தின் ‘நியூ வெஸ்ட்’ அதைத் தாராளமாகக் கொட்டிப் பார்த்தது. தொண்ணூறுகளில் இஸ்ஸே மியாக்கேயின் ‘லோ டிஸ்ஸே’ (1992), அர்மானியின் ‘அக்வா டி ஜியோ’ (1996) என்று வரிசையாக வந்து, தண்ணீர் மணம் என்றால் இப்படித்தான் என்று ஊருக்கே பழக்கிவிட்டன. கொஞ்சமாக இருந்தால் நிஜமாகவே காற்று வீசுவதுபோல இருக்கும். கை தவறினால் பழக்கடை. என்னுடைய பாட்டிலில் கை தவறியிருக்கிறது. அதைவிடக் கொடுமை, எலுமிச்சை ஓடிப்போன பிறகும் இது மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பது.

சரி, நியாயமாகவும் பேசுவோம். நிஜக் கடலின் வாசனையை பாட்டிலில் அடைத்துக் கொடுத்தால் நாம் போட்டுக்கொள்வோமா? கடல் வாசனை என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவுடையது. கடலில் மிதக்கும் நுண்தாவரங்களில் உள்ள ஒரு பொருளை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது உண்டாவது. துளியூண்டு இருந்தால் கடல். கூடினால் வேகவைத்த முட்டைக்கோஸ். அதனால் செய்பவர்கள் வேறு எதையாவது வைத்துத்தான் கடலை நினைவூட்டியாக வேண்டும். இவர்கள் தர்பூசணியைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு தொல்லை, அரைமணி நேரத்தில் நம் மூக்குக்கு மணம் அடங்கிவிடும். சென்ட் போகவில்லை, மூக்குதான் பழகிவிடுகிறது. லேசான சென்ட்தானே, நிற்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மேலும் இரண்டு அமுக்கு அமுக்கத் தோன்றும். அமுக்கவே கூடாது. பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், அவர் இன்னும் அந்தப் பழத்தோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பார்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் போடுகிறாய் என்றால், மறுநாள் சட்டைதான் காரணம்.

முந்தின நாள் போட்டுக் கழற்றிய பருத்திச் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது காலர் மடிப்பில் ஒரு மணம் இருக்கிறது பாருங்கள். தர்பூசணி ஏறக்குறைய ஒழிந்துபோயிருக்கும். வெயிலில் காய்ந்த தோல், சன்ஸ்க்ரீன், மிக மெல்லிய பூ, கொஞ்சம் உப்பு. பட்டியலில் யாரும் பெருமையாகச் சொல்லாத பென்சைல் சாலிசிலேட் என்ற மணப்பொருளின் வேலை இதில் நிறைய இருக்கிறது. மெதுவாக ஆவியாகும் பொருள். துணியில் நாள்கணக்கில் தங்கும். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் என்பதால் 1930களிலேயே வெயிலுக்குப் பூசும் எண்ணெய்களில் அதைச் சேர்த்தார்கள். கடற்கரைக்குப் போனவர்களின் உடம்பெல்லாம் அந்த வாசனை. அது அப்படியே கடற்கரையின் வாசனையாகவே ஆகிவிட்டது. பெட்டியில் அலை படம் போட்டு விற்பவர்கள் சொன்ன சொல்லை இந்தச் சட்டைதான் காப்பாற்றுகிறது. துவைக்கப் போட மனசே வருவதில்லை.

இப்போதெல்லாம் தோலில் அடிப்பதையே விட்டுவிட்டேன். முந்தின இரவே சட்டையின் உள்பக்கம், தோள்பட்டைத் தையலுக்குக் கீழே ஒரே ஒரு அமுக்கு. காற்றோட்டமாக மாட்டிவைத்துவிட்டுக் காலையில் போட்டுக்கொள்வது. தர்பூசணியின் ஆட்டம் பெரும்பாலும் இரவோடு ஒழிகிறது. பட்டு, வெளிர்நிறத் துணி என்றால் ஓர் ஓரத்தில் அடித்துக் கறை விழுகிறதா என்று முதலில் பாருங்கள். தோலில்தான் அடிப்பேன் என்பவர்கள் வெயில் நேரடியாகப் படும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது. பெர்கமாட் எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் பெர்காப்டன் என்ற பொருள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கருந்திட்டு விழலாம். அதை நீக்கிய எண்ணெயும் உண்டு. எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் சென்ட் அடித்துத் தரும் காகிதத் துண்டை முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். மணிக்கட்டில் ஒன்று, சட்டைக் கையில் ஒன்று அடித்துக்கொண்டு கடையைவிட்டு வெளியே வாருங்கள். ஏசி இல்லாத இடத்தில் நடங்கள். மூன்று மணி நேரம் கழித்தும் பிடித்திருந்தால் திரும்பிப் போகலாம். வெயிலுக்கு லேசாக ஒன்று வேண்டும், அவ்வளவுதான் என்றால் சாதாரண எலுமிச்சை கொலோன் (லேசான சென்ட், மேலே சொன்ன கேலோன் இல்லை) போதும். நிற்காது, ஆனால் மானத்தை வாங்காது. சின்ன பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டால் வேண்டும்போது அடித்துக்கொள்ளலாம்.

இதை வாங்கலாமா என்றால், வேண்டாம். மறுநாள் மணத்துக்காக முதல் நாளைப் பொறுத்துக்கொள் என்று காசு கொடுத்து வாங்குபவரிடம் சொல்ல முடியாது. விலை குறைந்த அன்றே நான் இன்னொரு பாட்டில் வாங்கிவிட்டேன் என்பது வேறு விஷயம். என் சட்டைகளுக்குப் பழகிவிட்டது.