தார்ச்சரிவா, வண்டல் களிமண்ணா?

கடல் ஏற ஏற தடுப்புக்கரையை உயர்த்தியே ஆகவேண்டும். நெதர்லாந்தின் வாடன் கடலோரத்தில் கரையைப் பலப்படுத்த இரண்டு வழிகள் உண்டு.

கல்லும் தாரும் போர்த்திய கரையின் கடல்பக்கச் சரிவு சுமார் 1:4. எட்டு மீட்டர் உயரத்துக்கு 32 மீட்டர் அகலம் போதும். வீடுகள் கரையை ஒட்டியிருந்தால் இதை விட்டால் வழியில்லை. ஆனால் தார் வெடித்து அடியில் நீர் புகுந்தால், மேலே தெரியாமலே உள்ளே குடைந்துவிடும்.

'அகன்ற பசுங்கரை'யின் சரிவு 1:7. அதே உயரத்துக்கு 56 மீட்டர் வேண்டும். தாருக்குப் பதில் தடித்த களிமண், மேலே புல். நீண்ட சரிவில் அலை ஓய்ந்துதான் ஏறும். அரித்தாலும் மெதுவாகத்தான் அரிக்கும். களிமண்ணையே போட்டு அடைக்கலாம்.

களிமண்ணுக்கு எங்கே போவது? அதே கடலோரத்திலுள்ள எம்ஸ்-டொலார்ட் கழிமுகத்தில் மிதமிஞ்சிய வண்டல் நீரைக் கலக்குகிறது. அதைத் தூர்வாரிப் பக்குவப்படுத்தும் சோதனை 2018-இல் டெல்ஃப்சைல் அருகே தொடங்கியது. சேற்றைப் பாத்திகளில் பரப்பி, நீரை வடித்து, மேல் ஓடு காய்ந்ததும் கிளறிவிட வேண்டும். கிளறாவிட்டால் ஓட்டுக்குக் கீழே சேறு சேறாகவே கிடக்கும். உப்பை மழைதான் கழுவும். ஆகவே ஆண்டுக்கணக்கில் பொறுக்க வேண்டும். உப்பு மிஞ்சினால் புல் வேர்பிடிக்காது, களிமண்ணும் நீரில் எளிதில் கரையும். மட்கு (மக்கிய தாவரப் பொருள்) அதிகமிருந்தால் அது சிதையச் சிதையக் கரை தாழும்.

இடமும் பக்கத்திலேயே வண்டலும் இருந்தால் பசுங்கரையே மேல். வண்டலைத் தொலைவிலிருந்து லாரியில் கொண்டுவர வேண்டுமென்றால் அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.