நின்றுபோன பழைய கடிகாரம்: சரிசெய்வதா, இயந்திரத்தை மாற்றுவதா, அப்படியே காப்பதா?

சாவி கொடுத்து ஓடும் பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று கைக்கு வருகிறது. ஓடவில்லை, மணியும் அடிக்கவில்லை, பெட்டியின் ஒரு மூலை விட்டிருக்கிறது. இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் இயந்திரத்தையே பழுது பார்க்கலாம். அதே காலத்து வேறொரு இயந்திரத்தைப் பொருத்தலாம். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸைப் போட்டுவிடலாம். இல்லையென்றால் ஓட வைக்கும் ஆசையை விட்டுவிட்டு, மேலும் கெடாமல் காப்பாற்றி வைக்கலாம். பெரும்பாலான கடிகாரங்களுக்கு முதல் வழிதான் நியாயம் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் கையில் இருப்பது எந்தக் கடிகாரம் என்று தெரியாமல் எந்த வழியிலும் இறங்கக் கூடாது.

அடையாளம் காண டயலை மட்டும் நம்ப வேண்டாம். டயலையும் முள்ளையும் மாற்றுவது சுலபம். இயந்திரத்தின் பின்தகட்டைப் பாருங்கள். எட்டு முனை நட்சத்திரத்துக்குள் ஜே எழுத்து இருந்தால் அது ஜெர்மன் நிறுவனமான ஜுங்ஹான்ஸ். நங்கூரமும் கிரீடமும் ஜி.பி. எழுத்துகளும் இருந்தால் இன்னொரு ஜெர்மன் நிறுவனமான குஸ்டாவ் பெக்கர். அதன் வரிசை எண்ணைக் கொண்டு ஏறக்குறைய எந்தக் காலத்தது என்று கணிக்க முடியும்.

ஆண்டு கணிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அமெரிக்கக் கடிகாரத்தின் தகட்டில் 1882 என்று காப்புரிமைத் தேதி பொறித்திருந்தால், அதற்கு முன் செய்யப்படவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். அதே முத்திரையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பொறித்திருக்கலாம். பிரெஞ்சு இயந்திரங்களில் இருக்கும், 1855-இல் வென்ற பரிசுப் பதக்கத்தைக் காட்டும் முத்திரையும் அப்படியே. டி.ஆர்.ஜி.எம். என்ற ஜெர்மன் பதிவுக் குறி 1891-இல்தான் தொடங்கியது. ஆகவே அந்தக் குறி இருந்தால் கடிகாரம் அதற்கும் பிந்தையது. பிரெஞ்சு இயந்திரத்தின் பின்தகட்டில் கீழே தனியாகத் தெரியும் இரண்டு சிறு எண்கள் பெரும்பாலும் ஆண்டே அல்ல. அது பழைய பிரெஞ்சு அங்குலக் கணக்கில் பெண்டுலத்தின் நீளம். பெண்டுலம் தொலைந்துபோன கடிகாரத்துக்கு அந்த எண்களை விட நல்ல துணை கிடையாது.

அடுத்து, இயந்திரமும் பெட்டியும் ஒன்றாகவே பிறந்தவையா என்று பாருங்கள். இயந்திரம் உட்காரும் பலகையில் காரணம் இல்லாத வெற்றுத் திருகுத் துளைகள் இருக்கின்றனவா? சாவித் துளைக்கு நடுவில் அச்சு சரியாக வராமல் ஒதுங்கி நிற்கிறதா? அப்படியானால் நமக்கு முன்பே யாரோ இயந்திரத்தை மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம். அதற்காகக் கடிகாரத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் எதை எவ்வளவு தூரம் காப்பாற்றுவது என்ற கணக்கு மாறிவிடும்.

சரி, இப்போது பழுதுக்கு வருவோம். நின்றுபோனதெல்லாம் உடைந்ததல்ல. டிக், டாக் இரண்டுக்கும் இடைவெளி சமமாக இல்லாவிட்டால் நல்ல இயந்திரமும் சில நிமிடங்களில் நின்றுவிடும். பெட்டியின் அடிப்பக்கத்தை இடமோ வலமோ சற்று நகர்த்தி, சத்தம் சமமாகும் இடத்தில் நிறுத்தினால் ஓடத் தொடங்கும். முள் 4-ல் இருக்க மணி 7 அடிப்பதும் பெரும்பாலும் உடைசல் அல்ல. வெட்டுகள் போட்ட எண்ணும் சக்கரத்தை வைத்து மணி அடிக்கும் கடிகாரம், முள் எங்கே இருந்தாலும் அதற்கு அடுத்த எண்ணிக்கையைத்தான் அடிக்கும். மணியடிப்பை முள்ளோடு ஒரு முறை ஒத்திசைத்துவிட்டால் போதும். இதைத் தெரியாமல் இயந்திரத்தையே மாற்றிய கடிகாரங்களைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது.

உண்மையான தேய்மானம் வேறு. பித்தளைத் தகட்டில் அச்சு சுழலும் துளைகள் காலப்போக்கில் முட்டை வடிவமாகிவிடும். சக்கரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, பற்கள் சரியாகக் கவ்வாமல், விசை வழியிலேயே வீணாகும். இதற்கு நேர்வழி புஷ் போடுவது: துளையைப் பழைய மையம் மாறாமல் பெரிதாக்கி, சிறு பித்தளைக் குழலை அழுத்திப் பொருத்தி, அச்சின் முனையையும் மெருகேற்றுவது. குறுக்குவழிகளும் உண்டு. துளையைச் சுற்றி ஆணியால் குத்தி உலோகத்தை உள்ளே தள்ளுவது ஒன்று, இன்னும் பலமான ஸ்பிரிங்கைப் போட்டு இழுக்க வைப்பது இன்னொன்று. முதலாவது தகட்டில் அழியாத தழும்பை விட்டுப் போகும், இரண்டாவது பற்களையே தின்றுவிடும். இரண்டையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

சுத்தம் செய்வதிலும் இதே போட்டிதான். இயந்திரத்தைக் கழற்றாமல் மண்ணெண்ணெயில் முக்கி எடுப்பது சுலபம். ஆனால் அழுக்கு கரைந்து துளைகளுக்குள்ளேயே போய்த் தங்கும். துரு நீக்கும் ஸ்பிரே அடித்தால் சில வாரம் ஓடும், பிறகு பிசுபிசுத்து நிற்கும். முழுதாகக் கழற்றி, ஒவ்வொரு துளையையும் குச்சியால் துடைத்து, அச்சு முனைகளுக்கு மட்டும் ஒரு துளி கடிகார எண்ணெய் விடுவதுதான் நீடிக்கும் வேலை. பற்களுக்கு எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமோனியா கலந்த கரைசலில் நெடுநேரம் ஊறப் போட்டால் பித்தளை வெடித்துப்போகவும் கூடும். இன்னொன்று: தகடுகளின் திருகைத் தொடும் முன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை முழுவதும் இறக்கிவிடுங்கள். சாவி கொடுத்த ஸ்பிரிங் திடீரென விடுபட்டால் பற்களை உடைக்கும், விரலையும் உடைக்கும். இதற்குப் பழக்கமில்லாதவர் இந்த இடத்தில் கைதேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே நல்லது.

வேறொரு பழைய இயந்திரத்தைப் பொருத்தும் வழி எப்போது சரி? அதே நிறுவனத்தின் அதே வகை இயந்திரத்திலிருந்து உடைந்த ஒரு சக்கரத்தை மட்டும் எடுத்துப் போட்டால் அது பழுது பார்ப்பதன் தொடர்ச்சிதான், எனக்கு உடன்பாடே. முழு இயந்திரத்தையும் மாற்றுவது அப்படியல்ல. பெண்டுலத்தின் நீளம் மாறும், சாவித் துளைகள் பொருந்தாது, பலகையில் புதுத் துளைகள் விழும். அதைக் கொடுத்த இன்னொரு கடிகாரமும் வெறும் கூடாகிவிடும்.

குவார்ட்ஸுக்குத் தரவேண்டிய மதிப்பைத் தந்துவிடுகிறேன். அதன் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. வாரம் ஒரு முறை சாவி கேட்கும் சுவர்க் கடிகாரம் துல்லியத்தில் அதற்கு ஈடாகாது. நேரம் மட்டும் வேண்டுமென்றால் அதுவே போதும். ஆனால் அதைப் பொருத்தப் பல சமயம் டயலின் நடுத்துளையைப் பெரிதாக்குகிறார்கள், பழைய முட்களை வெட்டுகிறார்கள். அதைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. உள்ளே இயந்திரமே இல்லாத பெட்டிக்கு மட்டும் இதை ஏற்பேன். அப்போதும் தனிப் பலகையில் பொருத்தி, எதையும் துளைக்காமல் வைக்க வேண்டும்.

நான்காவது வழி சில கடிகாரங்களுக்கே உரியது. இரவில் ஒளிரும் பூச்சுள்ள பழைய டயலைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அது ரேடியமாக இருக்கலாம். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 1,600 ஆண்டுகள் என்பதால் ஒளி மங்கினாலும் கதிரியக்கம் மங்கியிருக்காது. மிக அரிய பழைய அமைப்பு மாறாமல் இருக்கும் இயந்திரத்தையும் தினமும் ஓடவிட்டுத் தேய்ப்பதைவிட நிறுத்தி வைப்பது நல்லது.

பெட்டிக்கும் இதே நியாயம்தான். உப்புத்தாள் போட்டுப் பழைய மெருகைச் சுரண்டிவிட்டுப் புது வார்னிஷ் அடித்தால் பளபளக்கும், வயது போய்விடும். மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். மெருகு இளகினால் பெரும்பாலும் அரக்குப் பாலிஷ்தான். அதன்மேலேயே அரக்கு பூசிச் சரிசெய்யலாம். விட்டுப்போன மூலைக்கு வஜ்ஜிரம் என்ற விலங்குத் தோல், எலும்புப் பசையே நல்லது. நாளை வெந்நீர் ஈரத்தில் இளக்கிப் பிரித்துவிட முடியும், எபாக்ஸி பசையில் அது நடக்காது. எனாமல் டயலின் மயிரிழை வெடிப்புகளை அப்படியே விடுங்கள். கிழிந்த காகித டயலின் மேல் புதியதை ஒட்டாமல், மெல்லிய தகட்டில் ஒட்டி அதன் முன்னே வையுங்கள்.

பழுது முடிந்ததும் இயந்திரத்தை உடனே பெட்டிக்குள் வைக்காமல், வெளியே ஒரு தாங்கியில் மாட்டி 2 வாரம் ஓட விடுங்கள். ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் கடிகாரம், சாவி இறங்கும் கடைசி நாளில்தான் தன் பலவீனத்தைக் காட்டும். பழைய பழுதுகாரர்கள் தகட்டின் மறைவில் தேதியைக் கீறி வைத்திருப்பார்கள். நீங்கள் கீற வேண்டாம். என்ன மாற்றினீர்கள், எந்த நாளில் என்று ஒரு தாளில் எழுதி, கழற்றிய உடைந்த பாகங்களோடு ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.