மொறிஸ் மைனர் மீற்றருக்கு வெளிச்சம்: ஐந்து வருட அனுபவம்

இருட்டிவிட்டால் எங்கள் மொறிஸ் மைனர் கார் எத்தனையில் ஓடுகிறதென்று அப்பா காதால்தான் பார்ப்பார். நாலாம் கியரில் இரைச்சல் ஒரு சீராக வந்தால் முப்பது மைல். கதவுக் கண்ணாடி அதிரத் தொடங்கினால் நாற்பது. ஸ்பீடோமீற்றர் டாஷ்போர்டின் நடுவில் தேநீர்ச் சாசர் அளவுக்குப் பெரிசாக உட்கார்ந்திருந்தும், இரவில் அது ஒரு கறுப்பு ஓட்டைதான்.

கார் 1961ஆம் ஆண்டு மைனர் 1000, 948 சீசீ. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் போரால் பெற்றோல் வராத காலத்தில், கார்புரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. அந்த நாளில் பொழுதுபட்டால் யாரும் வெளிக்கிடுவதில்லை. வெளிக்கிட்டாலும் லைற்றைப் போட்டுக்கொண்டு போகும் துணிச்சல் எவருக்கும் இல்லை. ஆகவே மீற்றர் பல்ப் எரிகிறதா இல்லையா என்று வருடக்கணக்காக ஒருவரும் பார்க்கவேயில்லை.

எனக்கு அது தேவைப்பட்டது 2019இல். அக்கா வவுனியாவில் குடியேறினார். ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கு இரவில் திரும்பி வருவது வழக்கமாகிவிட்டது. இலங்கையில் கார்களுக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் உச்ச வேகம். எங்கள் மீற்றரோ மைலில் பேசும். 31 மைலைத் தாண்டினால் ஊருக்குள் குற்றம், 43ஐத் தாண்டினால் வெளியே குற்றம். இந்தக் கணக்கை மனதில் போட முதலில் முள் தெரிய வேண்டுமே. ஒருமுறை பொலிஸ் மறித்து, "மீற்றர் பார்த்து ஓட்டுறதில்லையா?" என்று கேட்டபோது, தெரியவில்லை என்று உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அடுத்த நாளே பல்ப் தேடத் தொடங்கினேன்.

எல்லோரும் செய்யும் பிழையைத்தான் நானும் செய்தேன். நேரே எல்.ஈ.டி.க்குப் போனேன்.

மைனரின் மீற்றருக்குள் இருப்பது 12 வோல்ற், 2.2 வாட் திருகுப் பல்ப். லூகாஸ் கம்பனியின் இலக்கம் 987. வெளிச்சத்துக்கு இரண்டு, எச்சரிக்கைக்கு மூன்று: சார்ஜ், எண்ணெய், ஹை பீம். அதே திருகு அடியில் எல்.ஈ.டி. பல்ப் இணையத்தில் கிடைக்கிறது என்று பார்த்து, பத்து உள்ள பொதி ஒன்று எடுப்பித்தேன். கையை வளைத்து டாஷ்போர்டின் பின்னால் விட்டால் பல்ப் ஹோல்டரை இழுத்துக் கழற்றலாம். ஹோல்டர் வெறும் ஸ்பிரிங் பிடிதான். மாட்டினேன். லைற்றைப் போட்டேன். ஒன்றும் எரியவில்லை. பத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, விற்றவனைத் திட்டிவிட்டு, அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது: எங்கள் கார் பொசிற்றிவ் எர்த்.

காரில் மின்சுற்றின் ஒரு பக்கம் காரின் தகர உடம்புதான், அதைத்தான் எர்த் என்பது. புதுக் கார்களில் பற்றறியின் நெகற்றிவ் முனைதான் உடம்போடு சேரும். மைனரில் பொசிற்றிவ் முனை சேரும். இழைப் பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கத்தால் வந்தாலும் ஒன்றுதான். எல்.ஈ.டி. அப்படியல்ல, ஒரு பக்கமாகத்தான் விடும். குத்திச் செருகும் ஆப்புப் பல்ப் என்றால் திருப்பிக் குத்தினால் போதும். திருகுப் பல்பை எப்படித் திருப்புவது? உள்ளே சின்ன ரெக்ரிஃபையர் வைத்து, எந்தப் பக்கமும் எரியும் வகை ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் எழுதாவிட்டால் அது அந்த வகை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை சரியான வகையே வந்தது. எரிந்தது. எரிந்த முதல் நாள் இரவு அப்பா, "உதென்ன, கலியாண வீட்டுப் பந்தலோ?" என்றார். உண்மையாகவே அப்படித்தான். கூல் வைட் வெளிச்சம் பல்புக்கு நேரே இருந்த இரண்டு இடத்தில் பளீரென்று கொட்டியது. மற்ற இடமெல்லாம் முன்புபோல இருட்டு. இழைப் பல்ப் சுற்றிவரச் சிந்தும், மலிவான எல்.ஈ.டி. ஒரு முகமாகத்தான் அடிக்கும். 20க்கும் 60க்கும் பக்கத்தில் கண் கூசுகிறது, எனக்கு வேண்டிய 40 தெரியவில்லை. முன்கண்ணாடியில் வேறு அதன் நிழல். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். ஒரு வெள்ளை வெளிச்சம் அதை நொடியில் கெடுத்துவிடும். முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் வீதியில் படுத்திருக்கும் மாட்டைக் காண அந்தப் பழக்கம் தேவை.

அதோடு அது மினுங்கத் தொடங்கியது. பற்றறியை டைனமோ சார்ஜ் பண்ணும் பழைய காரில் வோல்ற்றளவைக் கட்டுப்படுத்துவது ஒரு பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருக்கும் தொடுகை முனைகள். அந்த நடுக்கம் இழைப் பல்பில் தெரியாது. இழை சூடாறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். அந்த மலிவான எல்.ஈ.டி. அதை அப்படியே காட்டிக்கொடுக்கும். மூன்றாம் மாதம் ஒரு பல்ப் செத்தது.

சுன்னாகப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் தவிர வேறு காரைத் தொடமாட்டார். வேறு ஒரு வேலைக்காகப் போன இடத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். பழைய பல்பையே திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். சிவப்பாக, ஊதுபத்தி முனைபோல எரிந்தது. ஒரு வயர்த் துண்டை எடுத்து, ஒரு முனையை மீற்றரின் உடம்பிலும் மறுமுனையை ஸ்ரியரிங் தூணைப் பிடிக்கும் போல்ற்றிலும் வைத்தார். மீற்றர் பளிச்சென்று மலர்ந்தது. கையை எடுத்தார், அணைந்ததுபோல ஆனது. திரும்ப வைத்தார்.

"தம்பி, உது பல்ப் பிழையில்லை. எர்த் பிழை. பல்ப் என்ன செய்யும், பாவம்?"

வீட்டுக்கு வந்து மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்தேன். லைற் எரியும்போது பற்றறியில் 12.4 வோல்ற். பல்ப் ஹோல்டரில் கிடைத்தது 10.2. தொலைந்த 2.2இல் 1.6 வோல்ற் எர்த் பக்கத்தில் மட்டும். அதை அளப்பது சுலபம்: லைற்றைப் போட்டுவிட்டு, மல்ரிமீற்றரின் ஒரு முனையை ஸ்பீடோமீற்றரின் கூட்டிலும் மற்றதைப் பற்றறியின் எர்த் முனையிலும் வையுங்கள். எர்த் நல்லதென்றால் கிட்டத்தட்டப் பூச்சியம் காட்டும். ஹோல்டர்கள் மீற்றரின் தகரக் கூட்டின் ஊடாகத்தான் எர்த் எடுக்கின்றன. கூடு டாஷ்போர்டைத் தொடும் இடத்தில் அறுபது வருடப் பெயின்ற், துரு, கடற்காற்றின் உப்பு. எங்கள் வீட்டிலிருந்து கடல்நீரேரி கூப்பிடு தூரம். பித்தளையே பச்சை பிடிக்கும் இடத்தில் தகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வோல்ற்றுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். இழைப் பல்பில் வெளிச்சம் வோல்ற்றளவோடு சேர்ந்து சமனாகக் குறைவதில்லை, பல மடங்கு வேகமாகக் குறையும். பத்து வீதம் வோல்ற்றளவு இறங்கினால் வெளிச்சத்தில் முப்பது வீதம் போய்விடும். எங்கள் காரில் பதினெட்டு வீதம் இறங்கியிருந்தது. அதாவது வெளிச்சத்தில் ஏறக்குறையப் பாதி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை இங்கே இருக்கிறது. கை ஓய்ந்தால் குரல் எப்படி அடங்கும் என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

திருத்தம் சின்னது. மீற்றரின் கூட்டில் ஒரு இடத்தைச் சுரண்டி, வளைய முனை அடித்த கறுப்பு வயர் ஒன்றை அங்கே முடுக்கி, மறுமுனையை உடம்பில் துரு நீக்கிய ஒரு போல்ற்றில் கட்டி, மேலே கிறீஸ் பூசினேன். ஹோல்டர்களின் ஸ்பிரிங் நாக்குகளைச் சான்ட் பேப்பரால் தேய்த்தேன். மின்சாரம் கொண்டு வரும் வயர் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டது, நூல் சுற்றியது. அதன் முனையையும் சுத்தம் செய்தேன். மொத்தச் செலவு இரண்டு பிளேன்ரீக் காசு வரும். ஹோல்டரில் இப்போது 11.9 வோல்ற்.

மீற்றரைத் திறந்தது 2020 மார்ச்சில், ஊரடங்கில். வேறு வேலை இல்லை. இல்லாவிட்டால் துணிந்திருக்க மாட்டேன். பின்னால் வேகக் கேபிளின் நட்டைக் கையால் கழற்றி, வயர்களுக்கு ஒட்டுத்தாளில் பெயர் எழுதி, வெளியே எடுத்தேன். முன் வளையத்தைப் பிடித்திருந்த தகர நாக்குகளை மொட்டைத் திருப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். அவசரப்பட்டால் நாக்கு முறியும், எனக்கு ஒன்று முறிந்தது. கூட்டின் உட்புறம் ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். பல்பின் சூட்டில் பழுத்து, தேயிலைச் சாயம் குடித்த பீங்கான்போல ஆகியிருந்தது. வெளிச்சத்தைப் பரப்ப வேண்டிய சுவரே அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

முள்ளை ஓட்டும் காந்தம், அலுமினியக் கிண்ணம், தலைமயிர் போன்ற சுருள்வில் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, உட்சுவருக்கு மட்டும் மினுக்கமில்லாத வெள்ளைப் பெயின்ற் இரண்டு பூச்சு. மினுக்கமுள்ளது வேண்டாம், அது மறுபடி பளீர்ப் புள்ளிகளைத்தான் தரும். கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்தேன். எண்கள் எழுதிய முகத்தட்டைத் தொடவே இல்லை. தூசியை மென்மையான தூரிகையால் தட்டியதோடு சரி. ஈரத்துணி போட்டு எண்ணையே அழித்தவர்களை எனக்குத் தெரியும். காய இரண்டு நாள் விட்டு, புதிய 987 பல்ப் இரண்டு போட்டு மூடினேன்.

அன்று இரவு முற்றத்தில் காரை நிறுத்திவிட்டு லைற்றைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சளாக, சமமாக, விளிம்புவரை வெளிச்சம். வேகம் பார்க்கக் குனியத் தேவையில்லை. கடைக்கண்ணாலேயே முள் தெரிந்தது.

பிறகு 2023இல் ஒரு ஆசைக்கு வோர்ம் வைட், பனிக்கண்ணாடி மூடிய எல்.ஈ.டி. போட்டுப் பார்த்தேன். நல்ல சாமான்தான், புள்ளி விழவில்லை. இரண்டு இழைப் பல்பும் சேர்ந்து குடிக்கும் 4.4 வாட்டில் கால்வாசிகூடக் குடிக்காது. ஆனால் நாலு மாதத்தில் கழற்றிவிட்டேன். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். டைனமோ கார் ஐட்லிங்கில் நிற்கும்போது சார்ஜ் ஆகாது. ரயில் கேற்றில் நின்றால் மீற்றர் வெளிச்சம் மெல்ல இறங்கும், அக்சிலேற்றரைத் தொட்டால் ஏறும். பற்றறி எந்த நிலையில் இருக்கிறதென்று அந்த ஏற்ற இறக்கத்தில் படிக்கலாம். இந்த நல்ல எல்.ஈ.டி.யோ, "எல்லாம் சுகம்" என்று ஒரே முகத்தைக் காட்டுகிறது. 2022 எரிபொருள் நெருக்கடியில் வாரக்கணக்கில் நின்று பற்றறி செத்த காரை வைத்திருப்பவனுக்கு அந்த உளவுப் பார்வை வேண்டும். கழற்றிய இரண்டும் இப்போது கோழிக்கூட்டில், பழைய பற்றறி ஒன்றோடு நன்றாக எரிகின்றன.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். மீற்றர் வெளிச்சத்துக்கு எதை வேண்டுமானாலும் போடுங்கள், சிவப்புச் சார்ஜ் லைற்றுக்கு எல்.ஈ.டி. போடாதீர்கள். அந்தப் பல்ப் எர்த்தோடு சேருவதில்லை. சாவிப் பக்கத்துக்கும் டைனமோவுக்கும் இடையில் தொங்குகிறது. இரண்டு பக்கமும் சமனானால் அணையும், அவ்வளவுதான் அதன் வேலை. எல்.ஈ.டி. சின்ன வித்தியாசத்துக்கே மங்கலாக எரிந்து வீண் பயம் காட்டும். டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேற்றர் மாற்றியவர்களுக்கு விஷயம் இன்னும் மோசம். பல வகை ஆல்டர்னேற்றர்கள் அந்தப் பல்பின் ஊடாக வரும் மின்சாரத்தில்தான் முதலில் விழித்தெழும். எல்.ஈ.டி. விடும் துளி மின்சாரம் அதற்குப் போதாது. கார் ஓடும், சார்ஜ் ஆகாது. சிக்னல் காட்டும் சின்ன லைற் ஒன்றே இரு பக்கத்துக்கும் பொதுவாக உள்ள கார்களிலும் கவனம். அதில் மின்சாரம் இடத்துக்கு ஒரு திசை, வலத்துக்கு மறுதிசை. சாதாரண எல்.ஈ.டி. ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் கண் சிமிட்டும்.

ஐந்து வருடத்தில் வேறு பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாரி தொடங்க முன் ஹோல்டர்களை ஒருமுறை கழற்றித் துடைத்துப் போடுவேன். எர்த் வயரை இரண்டு முறை இறுக்கினேன். 987 பல்ப் ஒன்றுதான் போயிற்று, அதுவும் பள்ளமொன்றில் விழுந்த அன்று. பெயின்ற் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன், திறந்து பார்க்கும் எண்ணம் இல்லை. மீற்றர் கண்ணாடியில் 31, 43 என்ற இடங்களில் நகப்பூச்சால் இரண்டு சிறு புள்ளி வைத்திருக்கிறேன். பழங்கார்ப் பிரியர்கள் மன்னிக்க. அப்பா அதைப் பார்ப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டே "முப்பத்தெட்டு" என்பார். முள் நாற்பதில் நிற்கும். மீற்றர்தான் பிழை என்பார்.

தீராத குறை ஒன்று உண்டு. மீற்றரின் அடியில் இருக்கும் பெற்றோல் முள்ளுக்கு வெளிச்சம் இன்னும் சரியாக எட்டவில்லை. பல்ப் இரண்டும் அதற்குத் தள்ளித்தான் இருக்கின்றன. மூன்றாவது ஹோல்டர் போடக் கூட்டில் துளையிட வேண்டும், அதற்கு மனம் வரவில்லை. வவுனியாவுக்கு வெளிக்கிடும் நாளில் பெற்றோலைப் பகலிலேயே பார்த்துவிடுவேன். மறந்துபோனால் முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்க நிறுத்தும்போது கடை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வேன்.