கிருஷ்ணகிரி பக்கம் ஹோட்டலில் டேபிள் புக் செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

முழுவதும் படிக்க நேரமில்லாதவர்களுக்காக விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய ஹோட்டலில் டேபிள் புக் செய்ய அட்வான்ஸ் கேட்டால், ஜிபேயில் பணம் போடும் முன் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். ஹோட்டல் பெயர் வராமல் ஏதோ ஓர் ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எனக்கும் ஆள் பெயர்தான் வந்தது. பார்த்தேன், பார்த்துவிட்டும் போட்டேன். 2,000 ரூபாய்.

ஹோட்டல் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் பேச்சு அந்த ஒரு கடையோடு முடிந்துவிடும். சனி ஞாயிறு ஆனால் பெங்களூர் கார்கள் வரிசை கட்டி நிற்கிற பைபாஸ் ஹோட்டல்கள் நம் பக்கம் எத்தனையோ முளைத்துவிட்டன. எதற்குப் போனாலும் இதில் பாதியாவது பொருந்தும்.

சென்ற ஆவணியில் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி 40 வருஷம் முடிந்தது. அப்பா அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி சர்வீஸ் தர்மபுரி - பெங்களூர் வண்டியில்தான். அத்தனை வருஷம் கிருஷ்ணகிரியைத் தாண்டிப் போய் வந்தவர், அந்த ரோட்டில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. பஸ் நிற்கிற மோட்டலில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தருகிற ஓசிச் சாப்பாட்டைக்கூட வேண்டாமென்று தன் டிபன் பாக்ஸைத்தான் திறப்பார். ஒரு நாளாவது அவரை மேலே மாடியில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று எனக்கும் தங்கைக்கும் ஆசை. அவளும் மாப்பிள்ளையும் பெங்களூரில், நாங்கள் தர்மபுரியில். நடுவில் கிருஷ்ணகிரி என்று முடிவானது.

ஹோட்டலின் இணையப் பக்கத்தில் போட்டிருந்த செல் நம்பருக்கு அடித்தேன். எடுத்தவர் மேனேஜர் என்றார். பேச்சு அவ்வளவு பதவிசு. மொட்டை மாடியில் ஓரத்து டேபிள், மலை தெரியும், பூ அலங்காரம், பெரியவர்கள் பெயர் போட்ட கேக், எல்லாம் சேர்த்து 2,000 அட்வான்ஸ், மீதி பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்றார். “எந்த நம்பருக்குப் போடட்டும்?” என்றேன். “இதே நம்பருக்குப் போட்டுடுங்க சார்.” ஓர் ஆளின் பெயர் வந்தது. மேனேஜராயிற்றே, இருக்கட்டும் என்று போட்டுவிட்டேன். “டேபிள் கன்ஃபர்ம் சார்” என்று வாட்சாப்பில் ஒரு வரி, கூடவே கைகூப்பும் பொம்மை. என் கையில் இருந்த ஆதாரம் அவ்வளவுதான். எந்த டேபிள், எத்தனை மணி, என்னென்ன தருகிறார்கள், எதுவும் எழுத்தில் இல்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஏழரைக்குப் போய் இறங்கினோம், ஏழு பேர். அம்மா பட்டுப் புடவை. அப்பா வாசலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, “இங்க முன்ன ரெண்டு பக்கமும் புளியமரமாவே இருக்கும்டா” என்றார். ரோட்டை அகலப்படுத்தியபோது போன மரங்கள். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வரவேற்பில் நின்ற பெண் நோட்டைப் புரட்டி முடித்து, “உங்க பேர்ல புக்கிங் எதுவும் இல்லையே சார்” என்றார்.

வாட்சாப்பைக் காட்டினேன். அந்தப் பெண் நம்பரைப் பார்த்தார், பக்கத்திலிருந்த பையனைப் பார்த்தார், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மாடி முழுவதும் ஒரு கம்பெனி பார்ட்டிக்குக் கொடுத்தாயிற்றாம். மேலேயிருந்து பாட்டுச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. என் ‘மேனேஜர்’ நம்பருக்கு அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் சோபாவில் உட்கார வைத்தார்கள். மகளுக்கு ஏழு வயது, பசி தாங்கமாட்டாள். அவளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்க வெளியே பெட்டிக்கடை தேடி ஓடினேன். கடைசியில் கீழ்த்தளத்தில், சமையலறைக் கதவுக்கு எதிரே ஒரு டேபிள். கதவு திறக்கும்போதெல்லாம் தாளிப்பு நெடி முகத்தில் அடிக்கும், ஒவ்வொரு முறையும் அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார். கேக்கும் இல்லை, பூவும் இல்லை.

அப்போதே எழுந்து வந்திருக்கலாம் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைப்பீர்கள். தங்கை அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், வயதானவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், மணி எட்டேகால். “பரவால்ல கண்ணு, எங்க உக்காந்தா என்ன” என்று அம்மா சொன்னபிறகு எழவும் தோன்றவில்லை.

இனி வருவதெல்லாம் ஹோட்டல்காரர்கள் நேரடியாகச் செய்தது. இதற்கு அந்த ஆள் மேல் பழி போட முடியாது.

அம்மா சனிக்கிழமையில் கவுச்சி தொடமாட்டார், பெருமாளுக்காக. மெனுவில் காளான் சூப்புக்கு எதிரே பச்சைப் புள்ளி போட்டிருந்தது. ஆர்டர் எடுத்த தம்பியிடமும் சைவம்தானே என்று கேட்டோம், தலையாட்டினார். சூப் வந்தது. அம்மா ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பேசவில்லை. என் மனைவி எடுத்துச் சுவைத்துப் பார்த்து, “கோழி வாசம் அடிக்குதுங்க” என்றாள். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டால், உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து வெகு சாதாரணமாகச் சொல்கிறார்: “எல்லா சூப்புக்கும் ஒரே ஸ்டாக் தான் சார். பீஸ் எதுவும் போடல.” பீஸ் போடவில்லையாம். கோழி எலும்பை வேகவைத்து வடித்த தண்ணீரில் காளானைப் போட்டுவிட்டு, கறித்துண்டு இல்லாததால் அது சைவமாம்! அம்மா எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அப்புறம் அவர் அங்கே சாப்பிட்டது ஒரு கரண்டி தயிர்சாதம், அதுவும் மெனுவில் இல்லாமல் கெஞ்சி வாங்கியது. எனக்கு அன்றைக்கு 2,000 போனதைவிட இதுதான் ஆறவில்லை.

சைவக்காரர்கள் இனி எங்கே போனாலும் “சைவமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். சூப்பாக இருந்தால் “எந்த ஸ்டாக்?” என்று கேளுங்கள். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ் என்றால் அதே வாணலியா என்றும், வறுவல் என்றால் அதே எண்ணெயா என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது மீன். மெனுவில் விலை இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆஸ் பெர் சைஸ்’ என்று மட்டும் இருந்தது. “இன்னிக்கு ஃப்ரெஷ்ஷா வந்திருக்கு சார், நல்லா இருக்கும்” என்றார் தம்பி. மாப்பிள்ளை சரியென்று தலையாட்டிவிட்டார். எடை என்ன, விலை என்ன என்று யாரும் கேட்கவில்லை, மீனைக் கொண்டுவந்து காட்டவும் இல்லை. பில்லில் 1,450. ஒரே ஒரு மீன். ஓரம் கருகி, நடுவில் முள்ளோடு ஒட்டிக்கொண்டு வேகாமல் இருந்தது. கிருஷ்ணகிரி அணையில், அதான் கேஆர்பி டேமில், கண்ணெதிரே மசாலா தடவிப் பொரித்துத் தருகிறார்களே, அந்தக் கடை அக்காக்களிடம் கொடுத்திருந்தால் மீனுக்காவது மரியாதை கிடைத்திருக்கும்.

மற்ற சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரியாணி பரவாயில்லை. நான் ரொட்டி ஆறிப்போய் வந்தது. மகள் மட்டும் ஐஸ்கிரீமில் சந்தோஷமாக இருந்தாள்.

பில் வந்ததும் அப்பா கையை நீட்டினார். வாழ்நாள் முழுக்க டிக்கெட் கணக்கு எழுதும் வே பில்லும் சில்லறையுமாக இருந்தவர், எந்தக் கணக்கையும் ஒரு முறை கூட்டிப் பார்க்காமல் விடமாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரி வரியாக இறங்கினார். சாப்பாடு 6,300. அதற்குக் கீழே ‘எஸ்.சி. 10%’ என்று 630. அதையும் கூட்டி 6,930. அதன் மேல் ஜிஎஸ்டி மத்திய அரசுக்கு 173.25, மாநிலத்துக்கு 173.25. மொத்தம் 7,277. “இது என்னப்பா எஸ்.சி.? வரிக்கு முன்னாடி இன்னொரு வரியா?” என்றார்.

அது சர்வீஸ் சார்ஜ். வரி கிடையாது, அரசுக்குப் போவதும் கிடையாது. மாப்பிள்ளை போனில் தேடிக் காட்டினார். ஹோட்டல்கள் இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. வேறு பெயரிலும் வாங்கக்கூடாது, சாப்பாட்டு பில்லோடு கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. இங்கே 630 ரூபாயோடு அதற்கான வரி 31.50-ம் சேர்ந்து 661.50 கூடுதலாக எங்கள் தலையில் விழுந்திருந்தது. இதைச் சொன்னதும் கல்லாவில் இருந்தவர் வாதாடவே இல்லை. “கேட்டா எடுத்துடுவோம் சார்” என்று நிமிஷத்தில் வேறு பில் அடித்துக் கொடுத்தார், 6,615. கேட்காத மற்ற டேபிள்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் என் பக்கம் நியாயம் பேச முடியவில்லை. 20 ரூபாய் பாட்டிலுக்கு 80 போட்டிருந்தார்கள். சண்டை பிடிக்கலாம் என்று பார்த்தால், உட்காரவைத்துப் பரிமாறுகிற ஹோட்டல்கள் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டதாம். ஆகவே உட்கார்ந்ததும் பாட்டிலைத் திறக்க வரும்போதே சாதா தண்ணீர் போதும் என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்குக் கேட்காமலே ஐந்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

சரி, அந்த 2,000? அதைக் கழியுங்கள் என்றேன். “எங்க அக்கவுண்ட்டுக்கு வரலையே சார்” என்றார் கல்லாக்காரர். யாருக்குப் போனது என்று பெயரைக் காட்டினேன். அவர் போன மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டாராம். “நின்னவர் நம்பர் எதுக்கு உங்க பக்கத்துல இருக்கு?” என்றதற்கு, “ஆன்லைன் எல்லாம் வேற ஆள் பாக்குறாங்க சார், மாத்தச் சொல்றோம்” என்றார். முதலாளி ஊரில் இல்லை. வரவேற்பிலிருந்த பெண் நம்பரைப் பார்த்ததும் பக்கத்துப் பையனைப் பார்த்தாரே, எனக்கு முன் எத்தனை பேர் அந்த வாட்சாப்பைக் காட்டினார்களோ!

மறுநாள் வங்கியில் கேட்டேன். நீங்களாகப் பின் நம்பர் போட்டு அனுப்பியதை நாங்களாகத் திருப்ப முடியாது என்றார்கள். 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தேன். எண் கொடுத்தார்கள், ஹோட்டலுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். பில்லின் அடியில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தது, அதை வைத்துச் சூப் விஷயத்தைத் தனியாகப் புகார் கொடுத்தேன். அதனால்தான் சொல்கிறேன், பில்லைக் கசக்கிப் போட்டுவிட்டு வராதீர்கள், மாற்றி அடித்துக் கொடுத்தால் பழைய பில்லையும் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. நான் இன்னும் போகவில்லை. 2,000 ரூபாய்க்காக அலைய வேண்டுமா என்று அம்மா கேட்கிறார். அலையத்தான் வேண்டும் என்கிறார் அப்பா. பத்துப் பைசா குறைந்தாலும் டிப்போவில் கையிலிருந்து கட்டியவர் அவர்.

இதை எழுத உட்காரும் முன் ஒரு சந்தேகம் வந்தது. மாற்றச் சொல்கிறோம் என்றார்களே, மாற்றினார்களா? ஹோட்டலின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே நம்பர். மனைவியின் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு அவளையே பேசச் சொன்னேன். வரும் சனிக்கிழமைக்கு மாடியில் டேபிள் கிடைக்குமா என்று கேட்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். அதே குரல், அதே பதவிசு. “தாராளமா கிடைக்கும் மேடம். மலை தெரியற மாதிரி ஓரத்து டேபிளாவே போட்டுடறேன். 2,000 மட்டும் இதே நம்பருக்கு அனுப்பிடுங்க.”