ஏலத்தில் எடுத்துவிட்டுப் பணம் தராதவரும், அவருக்குப் பின்னால் வந்தவரும்

இணையவழி ஏலத்தில் பொருள் விற்பவர்கள், குறிப்பாக வாட்ஸ்அப் குழுக்களில் தபால்தலை, நாணயம் போன்றவற்றை ஏலம் விடுபவர்கள், இதைப் படித்துவிட்டு அடுத்த ஏலத்துக்குப் போவது நல்லது. ஏலத்தில் எடுத்தவர் பணம் தரவில்லை என்றால் அது அவருடைய பொறுப்பின்மை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பணம் தராமல் இருப்பதற்காகவே ஒருவர் ஏலம் கேட்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

விற்பனைக்கு வைத்தது என் தந்தையாரின் சேகரிப்பில் இரண்டாவதாக இருந்த காந்தி செட். 1948 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திரத்தின் முதலாம் ஆண்டு நிறைவில், சுவிட்சர்லாந்தில் அச்சிட்டு வெளியிடப்பட்ட நான்கு தபால்தலைகள்: 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபாய். 'பாபு' என்று இந்தியிலும் உருதுவிலும் அச்சிட்டிருக்கும். எங்களுடைய செட்டில் பின்புறப் பசையின் மேல் ஹிஞ்ச் (தபால்தலையை ஆல்பத்தில் பொருத்த ஒட்டும் சிறு காகிதத் துண்டு) ஒட்டி எடுத்த தடம் இருந்தது. அதை மறைக்காமல் முன்புறம், பின்புறம் இரண்டையும் படமெடுத்துப் போட்டு, தொடக்க விலை 4,000 ரூபாய் என்றும், ஞாயிறு இரவு 9 மணிக்கு ஏலம் முடியும் என்றும் அறிவித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலையே 4,500, 5,000 என்று கேள்விகள் வந்தன. ஒருவர் 5,500 என்று கேட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை குழுவில் வாயே திறக்காத இன்னொருவர் ஒரே தாவாக 16,000 என்றார். ஹிஞ்ச் தடமுள்ள செட்டுக்கு இவ்வளவா என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ வீட்டில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஞாயிறு இரவு வரை யாரும் கேட்கவில்லை. எட்டாயிரம் வரை போகலாம் என்று நினைத்திருந்ததாகவும், 16,000 என்பதைப் பார்த்து ஒதுங்கிவிட்டதாகவும் பின்னாளில் இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள்.

ஏலத்தில் வென்றவர் அன்றிரவே முகவரி அனுப்பினார். பணம் மட்டும் வரவில்லை. திங்கட்கிழமை வங்கி சர்வர் வேலை செய்யவில்லை என்றார். செவ்வாய்க்கிழமை உறவில் ஒரு சாவு என்றார். புதன்கிழமை ஜிபே செய்துவிட்டதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, உடனே ஸ்பீடு போஸ்டில் போடச் சொன்னார். என் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யுபிஐ பரிவர்த்தனை எண்ணில் எப்போதும் 12 இலக்கங்கள் இருக்கும், அதில் இருந்தவை 11. அதைச் சொன்னதும் அவர் பதில் அனுப்புவதை நிறுத்திவிட்டார். போலிப் படத்துக்கு ஏமாறவில்லை என்ற நிம்மதியில், உண்மையான ஏமாற்று இனிமேல்தான் வரப்போகிறது என்பது எனக்குத் தெரியவில்லை. (அத்தகைய படத்தை நம்பிப் பொருளை அனுப்பிவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.)

வியாழக்கிழமை காலை, 5,500 கேட்டவரிடமிருந்து தனிச்செய்தி வந்தது. "வணக்கம் சார், அவர் எடுக்கவில்லையாமே? நான் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், இப்போதே பணம் போடுகிறேன்." சொன்னபடியே பத்து நிமிடத்தில் பணம் வந்தது. அலைக்கழிந்து சலித்துப் போயிருந்த எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். அன்று மதியமே தபால்தலைகளை அட்டை வைத்துக் கட்டி அனுப்பினேன்.

அடுத்த வாரம் அட்மினிடம் புகார் எழுதுவதற்காகப் பழைய செய்திகளைத் திரட்டியபோதுதான் இரண்டு முகவரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தேன். பெயர் வேறு, கதவு எண்ணில் 'ஏ', 'பி' என்ற வேறுபாடு, மற்றபடி தெரு, கட்டடம், பின்கோடு எல்லாம் ஒன்று. முதலாமவர் பணம் தராததை நான் குழுவில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "எடுக்கவில்லையாமே" என்று கேட்டவருக்கு அதை யார் சொல்லியிருக்க முடியும்?

ஒரே ஆளோ கூட்டாளிகளோ, செய்முறை எளிமையானது. ஒருவர் குறைந்த விலை கேட்பார். இன்னொருவர், யாரும் எட்ட முடியாத விலையைச் சொல்லி மற்றவர்களைத் துரத்துவார். பிறகு பணம் தராமல் நழுவுவார். விற்பவர் களைத்துப்போய்க் குறைந்த விலை கேட்டவருக்கே கொடுத்துவிடுவார். ஈபே போன்ற தளங்களில் நான்கு நாட்களுக்குள் பணம் வராவிட்டால் விற்பவர் விற்பனையை ரத்து செய்யலாம், எடுத்தவருடைய கணக்கிலும் அது பதிவாகும். நம் குழுக்களில் அதெல்லாம் இல்லை. எண்ணை மாற்றினால் புது ஆள்.

சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். ஏலம் முடிந்ததாக அறிவிக்கும்வரை, அதாவது மூன்றாம் தரம் சொல்லும்வரை, கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு. அதற்குப் பிறகு அது முடிந்த விற்பனை. பணம் தராதவருக்கு, மறுபடியும் விற்கப்போவதாக அறிவிப்புக் கொடுத்து, நியாயமான கால அவகாசமும் தந்த பிறகு விற்றால், ஏற்பட்ட நஷ்டத்தை அவரிடம் கேட்க 54ஆம் பிரிவு இடம் தருகிறது. நான் அறிவிப்பு எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே அந்த 10,500 ரூபாய் வித்தியாசத்தைக் கேட்டு வழக்காடும் வழியை நானே அடைத்துக்கொண்டேன்.

இப்போது நான் ஏலம் விடும்போது, எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் பணம் செலுத்தாவிட்டால், இரண்டாவதாகக் கேட்டவருக்குத் தரமாட்டேன், தொடக்க விலையிலிருந்து மறு ஏலம்தான் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கேள்வியை ஒரு தடவைக்கு 500 ரூபாய்க்கு மேல் ஏற்றவும் விடுவதில்லை. இதனால் கேட்பவர்கள் குறைந்திருப்பது உண்மைதான்.

அட்மின் அந்த இரண்டு எண்களையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். அவற்றை இங்கே வெளியிடுவது முறையல்ல. வேறு குழுக்களை நடத்துபவர்கள் தனிச்செய்தியில் கேட்டால், உரையாடலின் படங்களோடு அனுப்புகிறேன்.